அஞ்சலையின் வேலிக்கதவு

படல் போனது

புதுச்சேரி யூனியன் பிரதேசம், பாகூர் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கேதான் அஞ்சலையின் வீடு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் நிலம். அதில் கத்தரி, வெண்டை, மிளகாய் போட்டிருந்தாள். ஓரத்தில் ஒரு முருங்கை. கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை.

அஞ்சலையின் கணவர் கட்டட வேலைக்கு வெளியூர் போவார். மாதம் ஒரு முறைதான் வருவார். தோட்டத்துக் காய்களை அஞ்சலையே சந்தைக்குக் கொண்டு போவாள். அந்தப் பணத்தில்தான் மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்டுவாள். தோட்டம் போனால் தவணை போகும்.

தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. நுழையும் இடத்தில் ஒரு பனைமட்டைப் படல். போகும்போதும் வரும்போதும் படலைத் தூக்கி வைக்க வேண்டும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விடிய விடிய மழை கொட்டியது. காலையில் பார்த்தால் படலைக் காணவில்லை. வாசலில் நின்ற வேப்ப மரமும் வேரோடு சாய்ந்து கிடந்தது.

அஞ்சலை மரத்தைப் பார்த்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"விழுந்த மரத்தை விறகுக்கு விற்க மாட்டேன். பலகையாக அறுத்து வைப்பேன்."

மர மில்லில் அடிமரத்தை அறுத்துக் கொடுத்தார்கள். மூன்று அங்குல அகலத்தில் நிறையப் பலகைகள் கிடைத்தன.

முதல் கதவு

"இனிப் படல் வேண்டாம். மரக்கதவு போடலாம்" என்று அஞ்சலை முடிவு செய்தாள். தச்சரைக் கேட்டாள். இரண்டு நாள் கூலி ஆகும் என்றார். அவ்வளவு பணம் கையில் இல்லை.

"நாமே செய்தால் என்ன அம்மா?" என்றாள் மகள் செல்வி. அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

அஞ்சலை எழுத்தறிவு மையத்தில் படித்தவள். அளவு நாடாவில் உள்ள எண்களை இப்போது அவளால் படிக்க முடியும். பக்கத்து வீட்டில் ரம்பமும் சுத்தியலும் கடன் வாங்கினாள். நுழைவாயிலின் இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பம் நட்டாள். குறுக்கே இரண்டு சட்டம் வைத்தாள். அதன் மேல் பலகைகளை நிறுத்தி ஆணி அடித்தாள். கீல் வைத்தாள். தாழ்ப்பாள் வைத்தாள். பொங்கலுக்குள் கதவு தயார்.

தெருவே வந்து பார்த்தது. அடுத்த வீட்டு முனியம்மாவும் வந்தாள். "பரவாயில்லையே அஞ்சல! ஆம்பளை வேலையை முடிச்சுட்டியே" என்றாள்.

"வேலையில் என்னக்கா ஆம்பளை வேலை, பொம்பளை வேலை?" என்று அஞ்சலை சிரித்தாள்.

சண்டை

பங்குனி மாதம். ஒரு நாள் மாலை அஞ்சலை களை எடுக்கப் போய்விட்டுத் திரும்பினாள். தோட்டத்துக்குள் முனியம்மாவின் ஆடு நின்றது. இரண்டு வரிசைக் கத்தரிச் செடியில் ஒரு இலை இல்லை. பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. குச்சிதான் நின்றது.

அஞ்சலைக்கு ஆத்திரம் பொங்கியது. ஆட்டைப் பிடித்துக் கட்டிப் போட்டாள். தெருவில் நின்று கத்தினாள்.

"நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போனேன். தினமும் கறிவேப்பிலை பறிக்க வருவது யார்? நீதான் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். 500 ரூபாய் வை. அப்புறம் ஆட்டை அவிழ்த்துப் போ!"

"நான் இன்றைக்கு உன் தோட்டத்துப் பக்கமே வரவில்லை அஞ்சல" என்றாள் முனியம்மா.

"பொய் சொல்லாதே!"

முனியம்மா வேறு எதுவும் பேசவில்லை. வீட்டுக்குள் போனாள். 500 ரூபாயைக் கொண்டு வந்து திண்ணையில் வைத்தாள். ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மையத்தில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். கறிவேப்பிலை பறிக்க முனியம்மா வரவே இல்லை.

ஒற்றை விரல்

அஞ்சலை கதவில் பூட்டுப் போடலாம் என்று நினைத்தாள். ஆனால் கதவை இழுத்துச் சாத்துவதே கஷ்டமாக இருந்தது. அடிப்பக்கம் தரையில் உரசியது. தூக்கித் தூக்கித்தான் சாத்த வேண்டும்.

ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் ஆசாரி என்று கூப்பிடுவார்கள். நாற்பது வருடம் தச்சு வேலை செய்தவர். இப்போது கை நடுங்குகிறது. வேலைக்குப் போவதில்லை. அஞ்சலை அவரைக் கூட்டி வந்தாள்.

ஆசாரி கதவைத் தொடவில்லை. முதலில் தரையைப் பார்த்தார். மண்ணில் வில் போல ஒரு கோடு விழுந்திருந்தது.

"இந்தக் கோடு என்ன?"

"கதவு உரசுகிற கோடு ஐயா."

"செய்தபோது உரசியதா?"

"இல்லை ஐயா. தரைக்கும் கதவுக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டேன்."

"அப்படியென்றால் உன் கதவு தொங்கிவிட்டது. சரி, தாழ்ப்பாளைப் போடு."

அஞ்சலை போட்டாள். 'கிளிக்' என்று சத்தம் கேட்டது. ஆசாரி ஒற்றை விரலால் கதவைத் தள்ளினார். கதவு திறந்துகொண்டது!

அஞ்சலை திகைத்தாள். ஆசாரி கம்பத்தைக் காட்டினார். தாழ்ப்பாள் கம்பி நுழைய வேண்டிய துளை மேலே இருந்தது. கதவு தொங்கியதால் கம்பி ஒரு அங்குலம் கீழே இறங்கியிருந்தது. அது துளைக்குள் போகவில்லை. கம்பத்தின் மேல் வெறுமனே முட்டிக்கொண்டு நின்றது. பார்த்தால் பூட்டியது போலத் தெரியும். ஆடு தலையால் முட்டினால் திறந்துவிடும்.

அஞ்சலையின் முகம் வெளுத்தது. அவள் கதவைப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டைப் பார்த்தாள்.

அன்று இரவு அவள் 500 ரூபாயை எடுத்துக்கொண்டு முனியம்மா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, நீ திறக்கவில்லை. என் கதவுதான் தொங்கியிருக்கிறது. விசாரிக்காமல் பேசிவிட்டேன்."

முனியம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

"ரூபாயைவிடு அஞ்சல. தெருவில் வைத்துப் பொய் சொல்கிறேன் என்றாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை."

"தெருவிலேயே வைத்துச் சொல்கிறேன் அக்கா. தப்பு என்னுடையதுதான்."

மறுநாள் காலை குழாயடியில் எல்லாரும் இருந்தார்கள். அஞ்சலை அதைச் சொல்லவும் செய்தாள்.

மூன்று குச்சி, நான்கு குச்சி

"கதவு ஏன் தொங்கியது ஐயா?" என்று அஞ்சலை கேட்டாள்.

ஆசாரி விளக்குமாற்றிலிருந்து குச்சிகளை ஒடித்தார். நான்கு குச்சிகளைச் சதுரமாக வைத்தார். மூலைகளை நூலால் கட்டச் சொன்னார். செல்வி கட்டினாள்.

"ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள். மறு பக்கத்தை அழுத்து."

செல்வி அழுத்தினாள். சதுரம் சாய்ந்து சரிந்துவிட்டது.

"இப்போது மூன்று குச்சியை முக்கோணமாகக் கட்டு. அழுத்து."

எவ்வளவு அழுத்தியும் முக்கோணம் சரியவில்லை.

"நான்கு குச்சி சாயும். மூன்று குச்சி சாயாது. உன் கதவு நான்கு குச்சிக் கதவு. அதற்கு ஒரு குறுக்கு முட்டு வேண்டும். முட்டுக் கொடுத்தால் ஒரு சதுரம் இரண்டு முக்கோணம் ஆகிவிடும்."

"முட்டை எந்தப் பக்கம் வைப்பது ஐயா? இப்படியா, அப்படியா?"

"நல்ல கேள்வி. குலை தள்ளிய வாழை சாய்கிறது. எப்படி முட்டுக் கொடுப்பாய்?"

"கம்பின் அடியைத் தரையில் ஊன்றுவேன். நுனியைக் குலைக்கு அடியில் கொடுப்பேன்."

"கதவுக்கும் அப்படியே. கதவின் பாரத்தைத் தாங்குவது கீல் பக்கம். அதனால் முட்டின் கால் கீல் பக்கத்தில், கீழே இருக்க வேண்டும். முட்டின் தலை தாழ்ப்பாள் பக்கத்தில், மேலே இருக்க வேண்டும். அப்போது பாரம் முட்டு வழியாகக் கீலுக்கு இறங்கும். மாற்றி வைத்தால் கட்டை தாங்காது. ஆணிதான் இழுபடும். ஆணி தளர்ந்தால் கதவு மறுபடி தொங்கும்."

ஆசாரி இன்னும் இரண்டு குறைகளைக் காட்டினார்.

முதல் குறை, மரம் பச்சையாக இருந்தது. ஈர மரம் காயும்போது சுருங்கும். அப்போது ஆணி தளரும், பலகை வளையும்.

இரண்டாவது குறை, கம்பத்தை ஒரு அடி ஆழம்தான் புதைத்திருந்தாள். கீல் பக்கக் கம்பம் கதவின் பாரத்தால் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆசாரி ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். நூல் நேராக நின்றது. கம்பம் நேராக இல்லை.

"மீதிப் பலகை இருக்கிறதா?"

"இருக்கிறது ஐயா. கொட்டகையில் குவித்திருக்கிறேன்."

"குவித்தால் காயாது. ஒரு வரிசை பலகை. அதன் மேல் குறுக்கே குச்சிகள். மறுபடி ஒரு வரிசை பலகை. இப்படி அடுக்கு. நடுவே காற்றுப் போக வேண்டும். வெயிலில் போடாதே, வெடிக்கும். நிழலில் காயட்டும். ஆவணியில் பார்க்கலாம்."

அதுவரை பழைய கதவைக் கயிற்றால் கட்டி வைத்தார்கள்.

தாளில் ஒரு கதவு

ஆவணி வந்தது. ஆசாரி ஒரு பலகையை எடுத்து விரலால் தட்டினார். 'டங்' என்று ஒலித்தது. கையில் தூக்கினார். எடை குறைந்திருந்தது. "காய்ந்துவிட்டது" என்றார்.

"மரத்தை அறுக்கும் முன் தாளில் கணக்குப் போட வேண்டும் அஞ்சல. அறுத்த மரம் வளராது. நான் எல்லாவற்றையும் மனத்தில் வைத்தே வேலை செய்தேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், நீ எழுது."

அஞ்சலை நோட்டை எடுத்தாள். ஆசாரி சொல்லச் சொல்ல எழுதினாள்.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள இடம் 3 அடி 8 அங்குலம். ஒரு அடிக்கு 12 அங்குலம். 3 x 12 = 36. அதோடு 8. மொத்தம் 44 அங்குலம்.

கதவு தடையில்லாமல் திறக்க வேண்டும். கீல் பக்கம் அரை அங்குலம், தாழ்ப்பாள் பக்கம் அரை அங்குலம் விட வேண்டும். 44 - 1 = 43. கதவின் அகலம் 43 அங்குலம். உயரம் 4 அடி.

நிற்கும் பலகைகள் 9. ஒவ்வொன்றும் 3 அங்குல அகலம். 9 x 3 = 27. மீதி 43 - 27 = 16 அங்குலம். இது இடைவெளிகளுக்கு.

"16-ஐ 9-ஆல் வகுக்க வேண்டும்" என்றாள் அஞ்சலை.

ஆசாரி சிரித்தார். "உன் கையைக் காட்டு. விரல் எத்தனை?"

"ஐந்து."

"விரல்களுக்கு நடுவே இடைவெளி எத்தனை?"

அஞ்சலை எண்ணினாள். "நான்கு!"

"ஒன்பது பலகைக்கு?"

"எட்டு இடைவெளி. 16-ஐ 8-ஆல் வகுத்தால் 2. ஒவ்வொரு இடைவெளியும் 2 அங்குலம்."

"ஆட்டுக்குட்டியின் தலை நுழையாது. காற்றும் போகும். சரியான அளவு."

நோட்டில் எழுதியதை அஞ்சலை உரக்கப் படித்துக் காட்டினாள். ஆசாரி கண்ணை மூடிக் கேட்டார். "நாற்பது வருடத்தில் என் கணக்கு தாளில் ஏறுவது இதுதான் முதல் தடவை" என்றார்.

வேலை தொடங்கியது

மறுநாள் காலை பலகை அறுக்க ஆரம்பித்தார்கள். பலகையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. செல்வி பள்ளிக்குப் போய்விட்டாள். அப்போது வேலிக்கு அப்பால் முனியம்மா வந்து நின்றாள்.

"தள்ளு. நான் பிடிக்கிறேன்" என்றாள்.

முதலில் கம்பம். இந்த முறை வைரம் பாய்ந்த பழைய பனங்கட்டை இரண்டு கிடைத்தது. மண்ணுக்குள் போகும் பகுதியில் தார் பூசினார்கள். கரையான் ஏறாமலும் ஈரம் ஊறாமலும் அது காக்கும். இரண்டு அடி ஆழம் குழி தோண்டினார்கள். கம்பத்தை நிறுத்திச் சுற்றிலும் கல்லும் மண்ணும் போட்டார்கள். ஒரு சாண் மண் போட்டதும் கடப்பாரையின் அடியால் இடித்தார்கள். பிறகு அடுத்த சாண். கல் கட்டிய நூலை வைத்து இரண்டு பக்கமும் நேர் பார்த்தார்கள். இடைவெளி 44 அங்குலம் இருக்கிறதா என்று மேலேயும் கீழேயும் அளந்தார்கள்.

பிறகு கதவு. சமமான தரையில் இரண்டு குறுக்குச் சட்டங்களை வைத்தார்கள். அவற்றின் மேல் இரு ஓரப் பலகைகளை வைத்து, மூலைக்கு ஒரு ஆணி மட்டும் அடித்தார்கள்.

"இப்போது மூலைக்கு மூலை அள" என்றார் ஆசாரி.

ஒரு பக்கம் 66 அங்குலம் வந்தது. மறு பக்கம் 63 வந்தது.

"கதவு கோணியிருக்கிறது. நீளமான மூலையை மெல்ல உள்ளே தட்டு."

முனியம்மா தட்டினாள். அஞ்சலை மறுபடி அளந்தாள். இரண்டும் 64 அரை வந்தது.

"இரண்டும் ஒன்றாக வந்தால் மூலை நேராக இருக்கிறது என்று அர்த்தம். இப்போது அடி."

நடுப் பலகைகளை வைத்தார்கள். இரண்டு அங்குல அகலத்தில் ஒரு மரத்துண்டை அறுத்து இடைவெளிக்கு அளவாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் நாடாவால் அளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு ஆணி. ஒன்று மேலே, ஒன்று கீழே சற்றுத் தள்ளி. ஒரே நேர்க்கோட்டில் அடித்தால் பலகை பிளக்கும். ஆணியின் முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிக்கொண்டார்கள். கூரான ஆணி நாரைப் பிளந்துகொண்டு போகும். மழுங்கிய ஆணி நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். பின்னால் நீட்டிய ஆணி முனையை மடக்கி அடித்தார்கள்.

பிறகு கதவைத் திருப்பிப் போட்டு முட்டு வைத்தார்கள். கால் கீல் பக்கம் கீழே. தலை தாழ்ப்பாள் பக்கம் மேலே. முட்டை அளந்து அறுக்கவில்லை. 5 அடித் துண்டை அதன் இடத்திலேயே வைத்து, பென்சிலால் கோடு போட்டு அறுத்தார்கள். இரண்டு சட்டங்களுக்கும் நடுவே இறுக்கமாக உட்கார்ந்தது.

"முட்டு ஆடக் கூடாது. தளர்ந்த முட்டும் ஒன்றுதான், இல்லாத முட்டும் ஒன்றுதான்" என்றார் ஆசாரி.

கீல்களை ஆணியால் அடிக்கவில்லை. திருகாணியால் முடுக்கினார்கள். கதவுக்கு அடியில் இரண்டு அங்குலக் கட்டையைக் கொடுத்து, அதன் மேல் நிறுத்திக் கீல் மாட்டினார்கள். கடைசியாகத் தாழ்ப்பாள். கதவு மாட்டிய பிறகுதான் கம்பத்தில் துளைக்கு அடையாளம் போட்டார்கள்.

ஆசாரி மறுபடி ஒற்றை விரலால் தள்ளினார். கதவு அசையவில்லை.

மழைக்குப் பிறகு

ஐப்பசி மழை வந்தது. மழை விட்டதும் அஞ்சலை கதவுக்கு அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். இடைவெளி அப்படியே இருந்தது.

கத்தரி மறுபடி பூத்தது. முனியம்மா தன் ஆட்டுக் கொட்டிலுக்கும் ஒரு கதவு செய்ய நினைத்தாள். அஞ்சலையின் நோட்டை வாங்கிப் போனாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.

"அஞ்சல, என் கொட்டிலின் வாசல் 34 அங்குலம். எத்தனை பலகை என்று போட்டுப் பார்த்தேன். விடை சரியா, பார்."

அஞ்சலை தாளைப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது.

முனியம்மா போகும்போது கறிவேப்பிலை ஒரு கொத்து ஒடித்துக்கொண்டாள். தாழ்ப்பாளைப் போட்டாள். கதவை ஒரு முறை தள்ளிப் பார்த்தாள். பிறகு போனாள்.

தெரிந்துகொள்வோம்

1. அளவு நாடாவில் அங்குலமும் சென்டிமீட்டரும் இருக்கும். எதில் அளக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர்.

2. இரண்டு அங்குலக் கோடுகளுக்கு நடுவே உள்ள நீளமான கோடு அரை அங்குலத்தைக் காட்டும்.

3. கம்பத்தின் தலையைச் சாய்வாக அறுத்தால் மழைநீர் வழிந்து ஓடிவிடும். தட்டையாக இருந்தால் நீர் தங்கி மரம் மக்கும்.

4. ஆண்டுக்கு ஒரு முறை கீலுக்கு எண்ணெய் விட வேண்டும். திருகாணிகளை முடுக்க வேண்டும்.

கணக்குப் போடுவோம்

1. ஒன்பது பலகைகள். ஒவ்வொன்றும் 4 அடி நீளம். மொத்தம் எத்தனை அடி மரம் வேண்டும்?

2. ஒவ்வொரு பலகையும் இரண்டு சட்டங்களோடு சேர்கிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் 2 ஆணி. ஒன்பது பலகைக்கு எத்தனை ஆணி?

3. முனியம்மாவின் வாசல் 34 அங்குலம். இரு பக்கமும் அரை அங்குலம் விட்டால் கதவின் அகலம் எவ்வளவு? 3 அங்குலப் பலகை 7 வைத்தால், ஒவ்வொரு இடைவெளியும் எத்தனை அங்குலம்?

விடைகள்: 1) 36 அடி. 2) 36 ஆணி. 3) அகலம் 33 அங்குலம். இடைவெளி 2 அங்குலம்.

கலந்து பேசுவோம்

1. முதல் கதவு தொங்கியதற்கு மூன்று காரணங்கள் என்ன?

2. அஞ்சலை குழாயடியில் எல்லார் முன்னாலும் தன் தவற்றைச் சொன்னாள். வீட்டுக்குள் சொன்னது போதாதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

3. எழுதப்படாத தொழில் அறிவு உள்ளவர்கள் உங்கள் ஊரில் யார் யார்? அவர்கள் சொல்வதை யார் எழுதி வைக்கலாம்?

செய்து பார்ப்போம்

விளக்குமாற்றுக் குச்சியால் ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் கட்டுங்கள். அழுத்திப் பாருங்கள். உங்கள் வீட்டில் முக்கோண முட்டு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். கூரையைப் பாருங்கள், பரணைப் பாருங்கள், பந்தலைப் பாருங்கள். கண்டதை நோட்டில் எழுதுங்கள்.

புதிய சொற்கள்

சட்டம், முட்டு, கீல், தாழ்ப்பாள், திருகாணி, அங்குலம், இடைவெளி, கடப்பாரை